கட்டம் எண்ணும் விரல்: நெசவு கிராஃப் செயலிக்குத் தொடுசைகை அமைத்ததில் ஒரு நிகழ்வு ஆய்வு

மாதிரிச் சேலையின் முந்தியில் இருந்த மயிலுக்குக் கண் இல்லை. வாலில் ஒவ்வொரு பீலியும் சரியாக விழுந்திருந்தது. கொண்டை, கழுத்து, கால் விரல் எல்லாம் சரி. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஜரிகை இடைவெளி இல்லாமல் மூடிக் கிடந்தது. கிராஃபில் அந்தக் கண் நான்கே நான்கு கட்டங்கள்: அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு. வரைந்தவர் அதை அழித்து விட்டிருந்தார். அழித்ததை எங்கள் செயலி யாரும் கேட்காமலே திரும்பப் பூசிவிட்டது.

இந்த ஆய்வு அந்தக் கண்ணைத் தேடிப் போனதிலிருந்து தொடங்குகிறது. நான் கோவையில் இடைமுக வடிவமைப்பு வேலை பார்ப்பவன். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, ஜக்கார்டு நெசவுக்குக் கிராஃப் வரையும் ஒரு டேப்லெட் செயலியை எழுதினோம். தொடுசைகைகள் என் பொறுப்பு. ஆகவே மயிலின் கண் போனதும் என் கணக்கில்தான் சேரும்.

பார்த்த இடம் சிறுமுகை. மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில், பவானி ஆற்றை ஒட்டிய ஊர். மென்பட்டுச் சேலைக்குப் பேர் போனது. அங்கே கிராஃப் வரைவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவர் வீட்டில் பல நாட்கள் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகளும் அதே வேலை செய்கிறார். பெரியவர் தாளில் வளர்ந்த கை, மகள் கைப்பேசியில் வளர்ந்த கை. ஒரே கூரையின் கீழ் இப்படி இரண்டு கைகள் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

ஜக்கார்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த அமைப்பில், தறியின் மேலே இருக்கும் பெட்டிக்குள் ஓட்டை போட்ட அட்டைகள் சுற்றி வருகின்றன. ஓட்டை இருந்தால் அந்தக் கொக்கி தூக்கும், நீளவாட்டில் ஓடும் பாவு இழை மேலே வரும். இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். ஒரு அட்டை ஒரு ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் ஒரு இழைக்கு. அட்டை அடிப்பவருக்கு எங்கே குத்த வேண்டும் என்று சொல்வதுதான் கிராஃப். அதில் நிற்கும் வரிசை பாவு, படுத்த வரிசை ஊடை, ஒரு கட்டம் அவை இரண்டும் குறுக்கிடும் இடம். எங்கள் செயலியில் நிறம் பூசிய கட்டம் என்றால் ஓட்டை. அழித்த நான்கு கட்டங்கள் திரும்ப நிறம் பெற்றன, இரண்டு அட்டைகளில் இரண்டிரண்டு ஓட்டைகள் கூடுதலாக விழுந்தன. ஒட்டுத்தாள் வைத்து அடைத்துச் சரி செய்தார்கள். இரண்டு அட்டையோடு போனது. கரையில் நடந்திருந்தால் சேலை முழுவதும் அதே குற்றம் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

கண் போன விதம்

இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டினால் கடைசியாகச் செய்தது நீங்கும். மூன்று விரலால் தட்டினால் திரும்ப வரும். ஐபேடில் ஓவியம் வரைபவர்களுக்கு இது மூச்சு விடுவது போல. தாஸ்மேனியாவில் ஒரு சிறு நிறுவனம் உருவாக்கிய புரோகிரியேட் செயலி அந்தப் பழக்கத்தைப் பரப்பியது, பிறகு பலரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டேன். உலகமே பழகிய ஒன்றை நாம் ஏன் மாற்ற வேண்டும் என்பது அப்போது என் வாதம்.

அந்தச் சைகை எங்கே பிறந்ததோ அங்கே ஒரு முன்நிபந்தனை உண்டு. ஆப்பிள் 2015-ல் விட்ட பென்சில் போன்ற மின்பேனாவைத் திரை தனி இனமாக அறியும்: பேனா வந்தால் வரை, விரல் வந்தால் தாளை நகர்த்து. இந்தப் பிரிவினை இருக்கும் வரை விரல்களுக்கு எத்தனை வேலை கொடுத்தாலும் குழப்பம் குறைவு. சிறுமுகை வீட்டில் இருந்தது விலை குறைந்த ஆண்டிராய்டு டேப்லெட்; அதனோடு ரப்பர் முனை வைத்த ஒரு குச்சி. அந்தக் குச்சியும் திரைக்கு ஒரு விரல்தான். உள்ளங்கை பட்டாலும் விரல்தான். தாளை அமுக்கிப் பிடிக்கும் இடக்கையும் விரல்தான்.

பெரியவர் தாளில் வரையும்போது இடக்கை ஒருபோதும் சும்மா இருந்ததில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தாளை அமுக்கும், ஆட்காட்டி விரல் ஒரு கட்டத்தின் மேல் காவல் நிற்கும். டேப்லெட்டுக்கு மாறிய பிறகும் கை அதையே செய்தது. மயிலின் கண்ணை அழித்து முடித்ததும் அடுத்த வேலைக்காக இடக்கையை இறக்கினார். இரண்டு விரல் நுனிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதிந்து எழுந்தன. செயலியின் கண்ணுக்கு அது சுத்தமான இரட்டை விரல் தட்டல். நான் எழுதிய விதி பிசகாமல் வேலை செய்தது.

இதில் என்னை உறுத்தியது தவறு நடந்தது அல்ல, சத்தமில்லாமல் நடந்தது. ஓவியத்தில் ஒரு தூரிகைக் கோடு மறைந்தால் கண்ணுக்குத் தெரியும். பல ஆயிரம் கட்டங்கள் கொண்ட கிராஃபில் நான்கு கட்டம் மாறியது யாருக்குத் தெரியும்?

எண்ணுகிற விரல்

கண் விவகாரத்தை ஒரே நாளில் திருத்திவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். போன பிறகு தெரிந்தது, அதைவிடப் பெரிய தகராறு வேறு இடத்தில் இருந்தது.

செயலியில் ஒரு கட்டத்தின் மேல் விரலை அழுத்தி வைத்தால் அந்தக் கட்டத்தின் நிறம் கையிருப்பு நிறமாகிவிடும். ஓவியச் செயலிகளில் இதுவும் வழக்கமான சைகை. ஆண்டிராய்டில் நீள்அழுத்தத்துக்கு நெடுங்காலமாக 500 மில்லிநொடி, அதாவது அரை நொடி. பிறகு அதை 400 ஆகக் குறைத்தார்கள். பெரியவர் வரையும்போது நிறம் அடிக்கடி தானாக மாறிக்கொண்டே இருந்தது. "சிவப்பு வைத்தால் வெள்ளை விழுகிறது, தம்பி. இது என்ன கூத்து?" என்று கேட்டார். ஏதோ பிழை இருக்கிறது என்று நிரலை இரவெல்லாம் துழாவினோம். பிழை எதுவும் இல்லை.

மறுநாள் டேப்லெட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருடைய கையை மட்டும் பார்த்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எட்டுக் கட்டம் விட்டு ஒரு புள்ளி, பிறகு பன்னிரண்டு விட்டு ஒரு புள்ளி. எண்ணும்போது விரல் கட்டத்தின் மேல் நிற்கும். வாய் முணுமுணுக்கும். சந்தேகம் வந்தால் விரலை எடுக்காமல் கண்ணால் மறுபடி எண்ணுவார். அந்த நிற்றல் அரை நொடியைத் தாண்டாமல் எப்படி இருக்கும்? மகள் பக்கத்தில் இருந்தால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வார்: "அம்மிணி, நீ எண்ணு, நான் வைக்கிறேன்." அப்போது மகளின் விரல் நிற்கும், அவருடைய விரல் வரையும். திரையின் கணக்கில் இரண்டு விரல்; ஆகவே செயலி தாளை நகர்த்தத் தொடங்கிவிடும்.

"விரலை எடுத்துவிட்டு எண்ணினால் என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "எடுத்தால் எண்ணிக்கை போய்விடும். எண்ணிக்கை போனால் கிராஃப் போய்விடும். நீங்கள் சோறு உண்ணும்போது இலையைப் பிடிக்காமல் உண்பீர்களா?" என்றார்.

அன்றிலிருந்து திட்டம் தலைகீழானது. அதுவரை, எந்தச் செயலுக்கு எந்தச் சைகை என்று பட்டியல் போட்டு, மிச்சமிருக்கும் விரல் அசைவுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் மிச்சம் என்று எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் விரலுக்கு ஏற்கெனவே மூன்று வேலைகள் உண்டு: பிடிப்பது, எண்ணுவது, இடம் காப்பது. சைகை அமைப்பவன் அந்த மூன்றையும் தொடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். முடிந்தால் அந்த மூன்றிலேயே ஒன்றைச் சைகையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கையும் ஒன்றல்ல

இங்கே எனக்குக் கைகொடுத்தவை இரண்டு பழைய விஷயங்கள். முதலாவது, 1987-ல் ஈவ் கியார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இருகை வேலைகளைப் பற்றிச் சொன்னது: இரண்டு கைகளும் வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதில்லை. பழகாத கை முதலில் போய்க் களத்தை அமைக்கிறது, பழகிய கை அதற்குள் நுணுக்கமாக வேலை செய்கிறது. எழுதும்போது தாளைச் சாய்த்துக் கொடுக்கும் இடக்கையைக் கவனித்தால் போதும், இது புரியும். இரண்டாவது, இவான் சதர்லண்ட் 1963-ல் எம்.ஐ.டி.யில் செய்த ஸ்கெட்ச்பேட். கணினித் திரையில் நேரடியாக வரைவதற்கு அதுவே முன்னோடி. அதில் ஒரு கையில் ஒளிப்பேனா, மறு கை பொத்தான்களின் மேல். பேனா எங்கே என்று சொல்லும், பொத்தான் என்ன என்று சொல்லும். இத்தனை காலம் கழித்து எல்லாவற்றையும் ஒரே கையின் விரல் வித்தைகளுக்குள் திணித்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆகவே திரையின் இடது கீழ் மூலையில் ஒரு பட்டை வைத்தோம். பெயர் 'எண்'. இடக்கைப் பெருவிரல் அதன் மேல் இருக்கும் வரை வலக்கை விரல் வரையாது, எண்ணும். விரல் எந்தக் கட்டத்தில் தொடங்கியதோ அதிலிருந்து எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று திரையின் மேற்பகுதியில் பெரிய எழுத்தில் ஓடும். விரலுக்குப் பக்கத்தில் காட்டினால் கை மறைத்துவிடுகிறது. பெருவிரலை எடுத்த நொடியில் மறுபடி வரைதல். மாற்றுவிசையை அழுத்திப் பிடித்துப் பெரிய எழுத்து அடிப்பது போன்றதுதான் இது. இடைமுக வடிவமைப்பாளர் ஜெஃப் ராஸ்கின் இப்படிப்பட்ட பிடித்திருக்கும் வரை மட்டுமே உயிரோடிருக்கும் நிலைகளைப் பற்றி நிறைய வாதாடியிருக்கிறார். தசை அழுத்திக்கொண்டிருப்பதால் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது மறப்பதில்லை என்பது அவருடைய வாதம். அது உண்மை என்று பெரியவரின் பெருவிரல் எனக்குக் காட்டியது.

முதல் பதிப்பில் எண்ணிக்கை எப்போதும் ஒன்று குறைந்தது. பெரியவர் எட்டு என்றால் செயலி ஏழு என்றது. நிரல் எழுதுபவன் தொடங்கிய கட்டத்தைச் சுழியாக வைத்து நகர்ந்த தூரத்தை அளக்கிறான். கிராஃப்காரர் விரல் வைத்த கட்டத்தையே ஒன்று என்கிறார். அவர்தான் சரி. ஒரு வரியில் திருத்திவிட்டோம். ஆனால் அந்த ஒரு வரிக்கு முன் அரை நாள் சண்டை.

நீள்அழுத்தத்தில் நிறம் எடுக்கும் சைகையை முழுவதுமாக நீக்கினோம். நிறம் எடுக்க இப்போது தனிப் பொத்தான் இருக்கிறது. மகளுக்கு இதில் வருத்தம். "பழைய முறைதான் வேகம், அண்ணா" என்றார். வேகம்தான், மறுக்கவில்லை.

காயாத மை

விரல் பட்டவுடன் வரைய வேண்டும். இரண்டாவது விரல் வந்தால் அது வரைதல் அல்ல, நகர்த்துதல். இரண்டு விரல்களும் மனிதக் கையில் ஒரே கணத்தில் இறங்குவதில்லை, ஒன்று முந்தும். முந்திய விரல் ஒரு கட்டத்தைப் பூசிவிடும். கிள்ளி விரித்துப் பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் கிராஃபில் ஒரு அநாதைப் புள்ளி விழுந்தது. சும்மா பார்க்க வந்தவர் நான்கைந்து புள்ளி வைத்துவிட்டுப் போவார்.

வழக்கமான தீர்வு காத்திருப்பது: விரல் சிறிது தூரம் நகர்ந்த பிறகே கோடு தொடங்கு. ஆண்டிராய்டில் அந்தச் சிறிது தூரத்தின் இயல்பான அளவு 8 டிபி (டிபி என்பது ஆண்டிராய்டு திரையில் நீளத்தை அளக்கும் அலகு). ஆனால் கிராஃபில் மிகுதியான வேலையே ஒரு கட்டத்தைத் தட்டிப் பூசுவது. நகராத விரலுக்குக் காத்திருந்தால் ஒவ்வொரு புள்ளியும் தாமதமாக விழும். பெரியவர் அந்தத் தாமதத்தை உடனே பிடித்தார்: "மை வராத பேனா போல இருக்கிறது."

அதனால் உடனே பூசிவிட்டு, பூசியதைக் காயாத மையாக வைத்துக்கொண்டோம். விரல் எழும் வரை அது கிராஃபில் சேராது, திரையில் மட்டும் இருக்கும். முதல் விரல் பட்டு 120 மில்லிநொடிக்குள் இரண்டாவது விரல் வந்தால் மை துடைக்கப்படும், அன்டூ வரிசையிலும், அதாவது செய்ததை நீக்கும் வரிசையிலும், தடம் இருக்காது. அந்த இடைவெளிக்குப் பிறகு வந்தாலோ, முதல் விரல் ஏற்கெனவே மூன்று கட்டங்களைத் தாண்டியிருந்தாலோ, இரண்டாவது தொடுதல் உள்ளங்கை அல்லது பிடிக்கும் கை என்று எடுத்துக்கொண்டு அதைப் பொருட்படுத்துவதில்லை. பதிந்த பரப்பின் அளவை வைத்து உள்ளங்கையை இனம் காணலாமே என்று கேட்பவர்களுக்கு: முயன்றோம். அந்த எண்ணைச் சொல்லும் டேப்லெட்டுகள் உண்டு, ஆனால் ஒன்றின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

அன்டூவுக்கு வருகிறேன். இரட்டை விரல் தட்டலை இயல்பாகவே அணைத்து வைத்தோம். விரும்பினால் அமைப்புகளில் போட்டுக்கொள்ளலாம். மகள் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் இடப்பக்கத்தில் ஒரு பொத்தான், பெருவிரல் எட்டும் உயரத்தில், ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில். எந்த வழியாக அன்டூ நடந்தாலும் மாறிய கட்டங்கள் இரண்டு முறை மினுங்கும். அவை திரைக்கு வெளியே இருந்தால் அந்தத் திசையில் ஓரம் மினுங்கும். மயிலின் கண் இனி சத்தமில்லாமல் மூடாது.

திருகக் கூடாத தாள்

ஓவியச் செயலிகளில் இரண்டு விரல் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்யும்: நகர்த்தும், பெரிதாக்கும், திருப்பும். திருப்புவதை எடுத்துவிட்டோம், யாரும் அதைத் தேடவில்லை. பாவு நிற்க வேண்டிய பொருள். இரண்டு பாகை சாய்ந்த கிராஃபைப் பார்த்தால் பெரியவருக்குத் தலை சுற்றுகிறது என்றார், அது மிகையல்ல.

பெரிதாக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிராஃபின் கட்டம் சதுரமாக இருக்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக அங்குலத்துக்குப் பாவு 80 இழை, ஊடை 60 இழை என்றால் துணியில் ஒரு கட்டம் அகலத்தைவிட உயரம் கூடியது, மூன்றுக்கு நான்கு. சதுரக் கட்டத்தில் வட்டமாக வரைந்த புட்டா நெய்து வரும்போது கோழிமுட்டையாகிவிடும். ஆகவே விகிதத்தைத் தொடக்கத்திலேயே பூட்டிவிட்டோம். கிள்ளல் எந்தச் சாய்வில் வந்தாலும் இரு அச்சும் ஒரே அளவில் பெரிதாகும். விரலை எடுத்ததும் கட்டத்தின் அகலம் திரைப் புள்ளிகளின் (பிக்சல்) முழு எண்ணுக்குச் சரிந்து உட்காரும். இல்லாவிட்டால் கோடுகள் சில தடித்தும் சில மெலிந்தும் தெரிந்து, எட்டுக் கட்டத்துக்கு ஒருமுறை வரும் தடித்த கோட்டோடு குழம்பும்.

கரையில் ஒரு வேறு வம்பு. சேலை கிராஃப் கரையில்தான் தொடங்கும். கரை திரையின் ஓரத்தில் இருக்கும். 2019-ல் வந்த ஆண்டிராய்டு 10 முதல், ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் 'பின்னே போ' என்று பொருள். கரைக் கோடு இழுக்கும்போதெல்லாம் செயலி மூடிக்கொண்டது. இந்த ஓரத்தில் குறுக்கிடாதே என்று இயங்குதளத்திடம் கேட்க வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் 200 டிபி உயரத்துக்கு மட்டுமே அது இணங்கும். கரையோ திரை உயரம் முழுவதும் ஓடுகிறது. இயங்குதளத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, கிராஃபைச் சுற்றி ஒரு வெற்று விளிம்பு விட்டோம். தாளிலும் அப்படித்தானே விடுவார்கள்.

பேய்த் தொடுதலையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் திரை யாரும் தொடாமலே புள்ளி வைத்தது. தொடுதிரை விரலின் மின்தேக்கத்தை அளக்கிறது. தரம் குறைந்த சார்ஜர் கக்கும் மின் இரைச்சல் அந்த அளவைக் கெடுக்கும். வேறு சார்ஜர் மாற்றியதும் நின்றது. சைகை வடிவமைப்பில் இதற்கு மருந்து இல்லை.

தீராத ஒன்று

விரல் நுனி திரையில் பதியும் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். முழு முந்தியும் தெரிய வேண்டுமானால் கட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அந்த அளவில் எந்தக் கட்டத்தைத் தொட்டோம் என்பது அதிர்ஷ்டக் கணக்கு. ஆகவே கட்டம் நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஒற்றை விரல் வரையாது, தாளை நகர்த்தும், பின்னணி லேசாக மஞ்சளாகும் என்று வைத்தோம். ஒரே விரலுக்கு இரண்டு பொருள். நானே வெறுக்கும் வகை ஏற்பாடு. பெரியவர் இதை விரும்பினார், தவறான புள்ளி விழவில்லை என்றார். மகள் இரண்டாம் நாளே அணைத்துவிட்டார்: சிறிய அளவில் வைத்தே நிறப்பரப்பை நிரப்பிவிட்டுப் பிறகு விளிம்பைத் திருத்துவது அவருடைய முறை. இருவர் சொல்வதும் நியாயம். இப்போது அதற்கும் ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது. விருப்பத் தேர்வு என்பது வடிவமைப்பாளன் கையை விரித்ததற்கு நாகரிகமான பெயர் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாகப் போயிருந்தபோது பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவரும் கிராஃப் வரைபவர், இடக்கைக்காரர். 'எண்' பட்டையும் அன்டூவும் அவர் வரையும் கைக்கு அடியிலேயே கிடந்தன. நாங்கள் ஒருவரும் இதை யோசிக்கவில்லை. அவர் குறை சொல்லவில்லை. டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டார். திரை திரும்பாமல் நாங்கள்தான் பூட்டி வைத்திருக்கிறோமே, அதனால் பட்டையும் பொத்தானும் வலப்பக்கம் போய்விட்டன. எழுத்தெல்லாம் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பொருட்படுத்தாமல் பெருவிரலைப் பட்டையில் வைத்து எண்ணி, எடுத்து, பூசி, ஒரு மாங்காய்ப் புட்டாவின் பாதியை முடித்துவிட்டார். பட்டையை வலப்பக்கம் மாற்றும் வசதியை அந்த வாரமே சேர்த்தோம். அன்று மட்டும், அவர் வேலை செய்த அரை மணி நேரமும், மயில் கண்ணை விழித்துக்கொண்டு தலைகீழாக நின்றது.